நிக்கல் நானோ பொடி காந்தத்தில் ஒட்டுகிறது, ஆனால் அளந்தால் பாதிதான் வருகிறது

1. பாசிமகள், மண்டபம்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக நிக்கல் நானோ துகள் செய்து, அதன் காந்தக் குணத்தை அளந்து எழுத வேண்டும். இரண்டு மாதமாக இதே வேலைதான். இப்போது ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன். தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.

செய்த விதம் இது. நிக்கல் குளோரைடை எத்திலீன் கிளைக்காலில் கரைத்து ஹைட்ரசீன் ஹைட்ரேட் ஊற்றினேன். பச்சைக் கரைசல் ஊதா கலந்த நீலமாகத் திரும்பியது. காஸ்டிக் சோடா சேர்த்து, 60 டிகிரியில் வைத்துக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நுரை கிளம்பி, கொஞ்ச நேரத்தில் மொத்தமும் மை போலக் கருத்துவிட்டது. பீக்கருக்கு வெளியே காந்தத்தை வைத்தேன். கருப்பு முழுவதும் அந்தப் பக்கமாக ஒதுங்கி, மீதி தெளிந்து நின்றது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கழுவி, இரண்டு நாள் மேசையில் உலர வைத்து, பொடியாக்கி அளக்க அனுப்பினேன். எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் சோதனை) 44.5, 51.8, 76.4 டிகிரியில் மூன்று உச்சங்கள். மூன்றும் நிக்கலுக்கு உரியவை, வேறு எதுவும் இல்லை. முதல் உச்சத்தின் அகலம் 0.8 டிகிரி. உச்சத்தின் அகலத்திலிருந்து படிக அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் 10.7 நானோமீட்டர் வருகிறது.

விஎஸ்எம் என்ற காந்த அளவீட்டுக் கருவியில்தான் பிரச்சினை. செறிவுக் காந்தமாக்கம், அதாவது புலத்தை எவ்வளவு ஏற்றினாலும் அதற்குமேல் கூடாத காந்த அளவு, கிராமுக்கு 31 இஎம்யு (காந்த அலகு). புத்தகத்தில் நிக்கலுக்கு 55 என்று இருக்கிறது. கோயர்சிவிட்டி, அதாவது ஏறிய காந்தத்தைப் பூஜ்யமாக்க வேண்டிய எதிர்ப்புலம், 85 ஆர்ஸ்டெட். மீதி 24 எங்கே போனது? "எக்ஸ்ஆர்டி சுத்தமாக இருக்கிறது, சுத்த நிக்கல் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்" என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

2. தொண்டி வாத்தியார்

முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். முதலில் ஒன்று கேட்கிறேன் அம்மா. ஹைட்ரசீனை எங்கே வைத்து ஊற்றினாய்? புகைப்போக்கிப் பெட்டிக்குள்ளா, திறந்த மேசையிலா? அது தோல் வழியாகவும் உள்ளே போகும், கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நிக்கல் உப்புகளும் அப்படியே. கையுறை, கண்ணாடி, புகைப்போக்கி மூன்றும் இல்லாமல் அடுத்த முறை தொடாதே. உலர்ந்த பொடியை இடிக்கும்போது மூக்கை மூடிக்கொள்.

இரண்டாவது, எந்தத் தண்ணீரில் கழுவினாய்?

3. பாசிமகள்

புகைப்போக்கிக்குள் வைத்துத்தான் ஊற்றினேன் ஐயா. கையுறையும் போட்டிருந்தேன். இடிக்கும்போது முகக்கவசம் போடவில்லை, இனி போடுகிறேன்.

தண்ணீர், துறையில் வைத்திருக்கும் ஆர்ஓ கேன் தண்ணீர்தான். காய்ச்சி வடித்த நீர் அந்த வாரம் தீர்ந்திருந்தது.

4. தொண்டி வாத்தியார்

நினைத்தேன். நம் மாவட்டத்து ஆட்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்ஓ தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதில் உப்பு முழுதாகப் போய்விடவில்லை. சோடா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் பொடியில் அந்தத் தண்ணீரை ஊற்றினால், தண்ணீரில் இருக்கும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறி, பொடியோடு சேர்ந்து படியும். வெள்ளைதான், ஆனால் கருப்புக்குள் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சமாக இருந்தால் எக்ஸ்ஆர்டியிலும் தெரியாது. காந்தம் இல்லாத எடை அது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு வருடம் செய்முறைத் தேர்வுக்கு வடிநீர் வரவில்லை, போர் தண்ணீரைக் கொடுத்துவிட்டார்கள். எந்த உப்பைக் கரைத்துச் சில்வர் நைட்ரேட் விட்டாலும் தயிர் மாதிரி வெள்ளை. சல்பேட் வந்த பையனுக்கும் குளோரைடு, நைட்ரேட் வந்த பையனுக்கும் குளோரைடு. பிள்ளைகள் அழுதார்கள். அன்றிலிருந்து நான் முதலில் தண்ணீரைத்தான் கேட்பேன்.

5. விசைப்படகு, பாம்பன்

நான் படிக்காதவன். படகு இன்ஜின் மெக்கானிக். மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான், படித்தேன். ஒரு சந்தேகம்.

தங்கச்சி நிக்கல் என்கிறாள். பட்டறையில் நாங்கள் வைத்திருக்கும் வெள்ளைக் காந்தம், பழைய ஹார்டு டிஸ்கில் இருந்து எடுப்பது, அதன் மேலே நிக்கல் முலாம்தான் பூசியிருக்கிறார்கள். துரு ஏறாமல் இருக்கத்தான் அந்த முலாம். முலாம் உரிந்தால் ஒரு மாதத்தில் உள்ளே இருப்பது மாவாக உதிர்ந்துவிடும், இந்த ஊர்க் காற்றுக்கு எதுவும் தாங்காது. ஆனால் நிக்கல் தாங்குகிறது. அப்படி இருக்கும்போது நிக்கல் பொடி மட்டும் ஏன் கெட்டுப்போக வேண்டும்?

6. நிறமாலை, காரைக்குடி

பாம்பன் அண்ணனின் கேள்விதான் இந்த இழையின் நடுக்கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன். (காந்த நானோ துகள்களில்தான் என் முனைவர் பட்ட வேலை.)

நிக்கல் துருப்பிடிக்காது என்பது சரியில்லை அண்ணே. அதுவும் காற்று பட்டவுடன் ஆக்சைடாகும். ஆனால் ஒரு நானோமீட்டர் அளவுக்கு மெல்லிய தோல் வந்ததும் அந்தத் தோலே கதவைச் சாத்திவிடும். சாதாரண வெப்பத்தில் அதற்குமேல் உள்ளே போவது மிக மெதுவாகத்தான். இரும்பின் துரு அப்படி இல்லை, பொருபொருவென்று உதிர்ந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிடும். அதனால்தான் பாம்பன் பாலத்துக்கு 1914இலிருந்து விடாமல் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது, நிக்கல் முலாமுக்கு அது வேண்டியதில்லை.

உங்கள் காந்தத்தில் முலாம் பத்து, இருபது மைக்ரான் இருக்கும். அதாவது பத்தாயிரம், இருபதாயிரம் நானோமீட்டர். அதில் ஒரு நானோமீட்டர் போனால் யாருக்குத் தெரியும்? தங்கச்சியின் துகள் மொத்தமே 11 நானோமீட்டர். சுற்றிலும் ஒரு நானோமீட்டர் தோல் போனால் உள்ளே மிஞ்சுவது 9. விட்டத்தில் பார்த்தால் சின்ன நஷ்டம்தான். கன அளவில் பாருங்கள்: 9இன் மும்மடி 729, 11இன் மும்மடி 1331. வகுத்தால் 0.55. துகளில் 45 விழுக்காடு தோலாகிவிட்டது.

தங்கச்சிமடம் கம்பெனிகளில் இறால் உரிக்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். பெரிய இறால் ஒரு கிலோ உரித்தால் கை நிறையச் சதை வரும். பொடி இறால் ஒரு கிலோ உரித்தால் ஓடுதான் மலை மாதிரி குவியும். ஓடு ஒன்றும் தடிப்பாகிவிடவில்லை, இறால்தான் சின்னதாகிவிட்டது.

இப்போது 55ஐ 0.55ஆல் பெருக்குங்கள். 30. தங்கச்சி அளந்தது 31.

ஆனால் இதைப் பார்த்து உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். நான் கன அளவில் கணக்குப் போட்டேன், விஎஸ்எம் கிராமில் பேசுகிறது. நிக்கலின் அடர்த்தி 8.9, நிக்கல் ஆக்சைடின் அடர்த்தி 6.67. தோல் எடை குறைந்தது. அதைச் சேர்த்தால் எடையில் உலோகத்தின் பங்கு 62 விழுக்காடு, காந்தமாக்கம் 34 வர வேண்டும். 34க்கும் 31க்கும் நடுவே மூன்று மிச்சம் இருக்கிறது. அதற்குத் தொண்டி ஐயா சொன்ன மெக்னீசியம் இருக்கலாம், போகாத கிளைக்கால் இருக்கலாம், ஈரம் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: மேற்பரப்பில் இருக்கும் அணுக்களுக்கு ஒரு பக்கம் பக்கத்துவீடு இல்லை. அதனால் அவற்றின் காந்தத் திசை ஒழுங்காக நிற்காமல் சாய்ந்துவிடும். ஆக்சைடே இல்லாவிட்டாலும் நானோ துகளில் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

பாசிமகள், உங்கள் 31 தவறான எண் இல்லை. அதை 55க்கு அருகே இழுக்கப் பார்க்காதீர்கள்.

7. பாசிமகள்

அக்கா, மூன்று தடவை படித்தேன். இறால் உதாரணத்தை அம்மாவிடமும் சொன்னேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. 45 விழுக்காடு ஆக்சைடு என்றால் எக்ஸ்ஆர்டியில் அது தெரிய வேண்டாமா? நிக்கல் ஆக்சைடுக்கு 37, 43, 63 டிகிரி பக்கம் உச்சம் வர வேண்டும். என் வரைபடத்தில் அங்கே சமதரையாக இருக்கிறது.

8. நிறமாலை, காரைக்குடி

நல்ல கேள்வி. எக்ஸ்ஆர்டி பொருளின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, வரிசையைப் பார்க்கிறது. ஒரே ஒழுங்கில் எத்தனை அடுக்கு அணு தொடர்ச்சியாக நிற்கிறது என்பதுதான் உச்சத்தைக் கூர்மையாக்குவது. ஒரு நானோமீட்டர் தோலில் இரண்டு மூன்று அடுக்குதான் இருக்கும், அதுவும் பல இடத்தில் ஒழுங்கு குலைந்து. அதன் உச்சம் பத்து டிகிரி அகலத்துக்குப் பரந்து தரையோடு தரையாகக் கிடக்கும். உங்கள் வரைபடத்தில் 38லிருந்து 43 வரை பின்னணி லேசாகத் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளில் பின்னணியைக் கழித்துவிட்டு பார்த்தால் அதுவும் போய்விடும், கழிக்காத மூலத் தரவைப் பாருங்கள்.

"எக்ஸ்ஆர்டியில் இல்லை, அதனால் இல்லை" என்று எழுதப்பட்ட கட்டுரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமாகவே இருக்கும். எக்ஸ்பிஎஸ் என்ற மேற்பரப்புச் சோதனை செய்தால் தோல் தெரிந்துவிடும். உயர்திறன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்க்கலாம்.

கூடவே, ஷெரர் கணக்கையும் நான் போட்டுப் பார்த்தேன். 0.8 டிகிரியை ரேடியனாக்கினால் 0.01396. அலைநீளம் 0.15406 நானோமீட்டர், தீட்டா 44.5இல் பாதி, 22.25. 10.7 சரிதான். இதில் பல பேர் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ரேடியனாக்க மறந்தால் 0.19 நானோமீட்டர் வரும். நிக்கலின் அலகு அறையே 0.352 நானோமீட்டர், அதைவிடச் சின்னத் துகள் எப்படி இருக்கும்? ஆனால் அப்படியே ஆய்வேட்டில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு சறுக்கல், தீட்டாவுக்குப் பதில் இரண்டு தீட்டாவைப் போடுவது. அப்போது 13.9 வரும், பார்க்க நியாயமான எண்ணாக இருப்பதால் பிடிபடாது. கருவியே தரும் அகலத்தைக் கழித்தீர்களா? கழித்தால் துகள் இன்னும் கொஞ்சம் பெரிதாகும்.

9. பாசிமகள்

கருவி அகலத்தைக் கழிக்கவில்லை அக்கா. அந்த அகலம் தெரிய, சிலிக்கான் மாதிரியின் தரவு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

10. வகுதை வாசகன், கீழக்கரை / ஷார்ஜா

எல்லோருக்கும் ஸலாம். தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கிறேன். காந்தத்தை வைத்ததும் கருப்பு ஒதுங்கித் தண்ணீர் தெளிந்தது என்று தங்கச்சி எழுதியதைப் படித்ததும் என் வாப்பா ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் குடம் தூக்கியே அவர் முதுகு வளைந்தது. இந்தத் துகளைப் போட்டு, உப்பைப் பிடிக்க வைத்து, காந்தத்தால் இழுத்து எடுத்துவிட முடியாதா? ஊருக்கு அது எவ்வளவு பெரிய உதவி.

11. நிறமாலை, காரைக்குடி

உப்புக்கு முடியாது காக்கா. சோடியமும் குளோரைடும் தண்ணீரோடு அவ்வளவு நெருக்கமாகக் கிடக்கின்றன, எந்தத் துகளின் மேற்பரப்பையும் தேடி வந்து ஒட்டாது. அளவும் தாங்காது. கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதைப் பிடிக்க எத்தனை கிலோ பொடி போடுவது?

ஆர்செனிக், குரோமியம் போல, லிட்டருக்கு மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தே ஆளைக் கெடுக்கும் பொருள்களுக்கு இந்த வழி உண்மையாகவே உதவும். 2006இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக்காரர்கள் 12 நானோமீட்டர் மேக்னடைட் (காந்த இரும்பு ஆக்சைடு) துகளில் ஆர்செனிக்கை ஏற்றி, சாதாரணக் காந்தப் புலத்திலேயே இழுத்துக் காட்டினார்கள். அவ்வளவு சின்னத் துகளுக்குப் பெரிய காந்தம் வேண்டியிருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். ஆனால் அது மேக்னடைட், நிக்கல் இல்லை. குடிக்கும் தண்ணீருக்குள் நிக்கலை விடவே கூடாது.

12. பசுமைவழி, ராமநாதபுரம்

தாவரவியல் ஆய்வு மாணவன். இவ்வளவு நச்சு இரசாயனம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. நம் கரையிலேயே கட்டக்கோரை என்ற கடல்பாசி கிடக்கிறது. அதைக் கொதிக்க வைத்து வடித்த சாற்றில் இரும்புக் குளோரைடைச் சேர்த்தால் சில நிமிடத்தில் கருத்துவிடும். ஹைட்ரசீன் வேண்டாம், போரோஹைட்ரைடு வேண்டாம். நான் செய்து பார்த்திருக்கிறேன், கருப்பு வருகிறது. பாசிமகள் ஏன் இதில் இறங்கக் கூடாது?

13. தொண்டி வாத்தியார்

தம்பி, கருப்பு வந்தது சரி. காந்தத்தில் ஒட்டியதா?

சாற்றில் வெள்ளி நைட்ரேட் போட்டால் வெள்ளி உலோகம் வரும். நம்புகிறேன், வெள்ளியின் ஒடுக்க மின்னழுத்தம் (உலோகமாகத் திரும்ப எவ்வளவு எளிது என்று காட்டும் எண்) கூட்டல் 0.80 வோல்ட், தங்கத்துக்கு 1.50. கொஞ்சம் தள்ளினாலே உலோகமாகிவிடும். இரும்புக்கு கழித்தல் 0.44. கோபால்ட் கழித்தல் 0.28, நிக்கல் கழித்தல் 0.25. பாசியில் இருக்கும் பாலிஃபீனாலுக்கு, தண்ணீருக்குள், இரும்பை உலோகம் வரைக்கும் தள்ளுகிற பலம் கிடையாது. இரும்பு மூன்று அயனியை இரும்பு இரண்டு அயனியாக்கும், அவ்வளவுதான். அப்புறம் அந்த இரும்பு பாலிஃபீனாலோடு சேர்ந்து கருப்பாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்தால் மை கருப்பாகுமே, அதே வேலை. அந்த மையும் காந்தத்தில் ஒட்டாது.

14. பசுமைவழி, ராமநாதபுரம்

ஐயா, இன்று போய் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

ஆனால் கட்டக்கோரை வகைப் பாசியின் சாற்றில் மேக்னடைட் வந்ததாகக் கட்டுரைகள் இருக்கின்றனவே? அதைப் படித்துத்தான் தொடங்கினேன்.

15. நிறமாலை, காரைக்குடி

மேக்னடைட் வரும். அது உலோகம் இல்லை, ஆக்சைடு. இரும்பு இரண்டும் மூன்றும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருந்து, காரத்தன்மை ஏறினால் தானாகவே கருப்பு மேக்னடைட் படியும். மசார் என்பவர் 1981இல் எழுதிய முறை, இன்றைக்கும் எல்லா ஆய்வகத்திலும் முதலில் செய்வது அதுதான். அங்கே பாசிச் சாறு ஒடுக்கும் வேலையைப் பாதியளவு செய்யலாம், ஆனால் அதன் பெரிய உதவி வேறு. சாற்றில் இருக்கும் ஆல்ஜினேட்டும் கந்தகம் சேர்ந்த சர்க்கரைகளும் துகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பிரித்து வைக்கும். காந்தத் துகளுக்கு அதுதான் பெரிய தொல்லை, ஒன்றையொன்று இழுத்துக் கட்டிக்கொள்ளும்.

தம்பி, உங்கள் வேலையை விட வேண்டாம். "இரும்பு நானோ துகள்" என்ற தலைப்பை மட்டும் மாற்றுங்கள். இரும்பு இரண்டு, இரும்பு மூன்று ஆகிய இரு உப்புகளையும் அளந்து சேருங்கள், அம்மோனியா விட்டு அமில காரச் சுட்டெண்ணைப் பத்துக்குக் கொண்டுபோங்கள், சாற்றைப் போர்வையாகப் பயன்படுத்துங்கள். சாறு போட்டும் போடாமலும் இரண்டு தொகுதி செய்து ஒப்பிட்டால் நல்ல வேலையாக இருக்கும்.

16. பாசிமகள்

பாசி பற்றி ஒரு வார்த்தை. என் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அம்மா இருபது வருடமாகப் பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடி போட்டு, விரலில் துணி சுற்றி, மூச்சை அடக்கி மூழ்கி எடுப்பது. தீவுகளைச் சுற்றி 1986இல் தேசியப் பூங்கா வந்த பிறகு எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்பதே தினமும் ஒரு கவலை. கட்டக்கோரைக்கு மரிக்கொழுந்துப் பாசி அளவுக்கு விலை கிடையாது, ஆனால் அதற்கும் அதே மூச்சுதான்.

பசுமைவழி அண்ணன் "கரையில் கிடக்கிறது" என்று எழுதினார். கரை ஒதுங்கியதை எடுங்கள், வேண்டிய அளவு கிடைக்கும். உயிரோடு பாறையில் இருப்பதை ஆய்வுக்கென்று பறிக்க வேண்டாம். அதில்தான் மீன் குஞ்சு ஒதுங்குகிறது.

17. பசுமைவழி, ராமநாதபுரம்

கரை ஒதுங்கியதைத்தான் எடுத்தேன் தங்கச்சி, இனியும் அப்படியே. அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அக்கா சொன்ன இரண்டு தொகுதியும் அடுத்த வாரம் செய்கிறேன்.

18. பாசிமகள்

அக்கா, இன்னொரு குழப்பம். 11 நானோமீட்டர் என்பதால் "சூப்பர்பாராமேக்னடிக்" என்று எழுது என்று சொல்கிறார்கள். ஆனால் எனக்கு 85 ஆர்ஸ்டெட் கோயர்சிவிட்டி இருக்கிறதே?

19. நிறமாலை, காரைக்குடி

எழுதாதீர்கள்.

ஒவ்வொரு துகளும் ஒரே காந்தக் களமாக இருக்கும்போது, அதன் திசை திரும்ப ஒரு மேடு ஏற வேண்டும். துகளின் கன அளவும் பொருளின் திசைப்பிடிமானமும் சேர்ந்தது அந்த மேடு. துகள் சின்னதானால் மேடும் சின்னதாகும், அறை வெப்பமே அதைத் தாண்டப் போதும். அப்போது திசை இங்கும் அங்கும் தானாகப் புரளும். புலத்தை எடுத்தவுடன் மொத்தக் காந்தமும் பூஜ்யமாகும். இதுதான் சூப்பர்பாராமேக்னடிக். 1949இல் நீல் எழுதிய கணக்கு இது. 1970இல் காந்தவியல் பணிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் அளக்க நூறு வினாடி எடுக்கிறோம் என்று வைத்தால், மேடு வெப்ப ஆற்றலைப் போல 25 மடங்குக்கு உள்ளே இருக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் அறை வெப்பத்தில் கோபால்டுக்கு எல்லை 8 நானோமீட்டர் பக்கம், இரும்புக்கு 16 பக்கம். நிக்கலின் பிடிமானம் இன்னும் குறைவு, எல்லை 30ஐத் தாண்டும்.

ஆக, உங்கள் துகள்கள் உண்மையிலேயே 11 ஆக, தனித்தனியாக இருந்தால் கோயர்சிவிட்டி பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். 85 இருக்கிறது. அப்படியென்றால் கூட்டத்தில் பெரிய துகள்களும் இருக்கின்றன, அல்லது கட்டியாக ஒட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஷெரர் தருவது படிகத்தின் சராசரி அளவு. துகளின் அளவு அல்ல, கட்டியின் அளவு நிச்சயமாக அல்ல. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இல்லாமல் இதை முடிக்க முடியாது.

அந்த ஆக்சைடுத் தோலும் சும்மா இருப்பதில்லை. நிக்கல் ஆக்சைடு எதிர் ஃபெரோகாந்த வகை. அதன் அணுக்கள் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசையில் பூட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே இருக்கும் உலோகத்தின் திசையையும் இழுத்துப் பிடிக்கும். 1956இல் மைக்கிள்ஜானும் பீனும் கோபால்ட் துகளில் இதைக் கண்டார்கள். காந்தப் புலத்தில் வைத்துக் குளிர்வித்தால் காந்தமாக்க வரைபடத்தின் வளையம் ஒரு பக்கமாக நகர்ந்து உட்காரும். குறைந்த வெப்ப அளவீடு கிடைத்தால் அந்த நகர்வைத் தேடுங்கள். கிடைத்தால் தோல் இருப்பதற்கு அதுவே சாட்சி.

20. விசைப்படகு, பாம்பன்

பாதி புரிகிறது, பாதி மகன் சொல்லித்தருகிறான். நாங்கள் புது பேரிங்கைக் கிரீஸ் தடவித்தான் பெட்டியில் வைப்போம். காற்று பட்டால் கெடும் என்றால், தங்கச்சி ஏன் இரண்டு நாள் மேசையில் திறந்து வைத்தாள்? அதுவும் கச்சான் அடிக்கிற மாதத்தில். அந்தக் காற்றில் என் ஸ்பேனரே ஒரு ராத்திரியில் சிவந்துவிடுகிறது.

21. பாசிமகள்

அண்ணே, அதுதான் நான் செய்த தப்பு. சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. முதலில் இரும்பில்தான் ஆரம்பித்தேன். இரும்பு சல்பேட்டில் சோடியம் போரோஹைட்ரைடு சொட்டுச் சொட்டாக விட்டதும் கருப்பாக வந்தது. வடிகட்டி, கண்ணாடித் தட்டில் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் முழுவதும் காவி நிறம். அதனால்தான் நிக்கலுக்கு மாறினேன்.

22. தொண்டி வாத்தியார்

காவியானதோடு விட்டதே என்று எனக்கு நிம்மதி. அந்த இரும்பைக் காற்று இல்லாமல் நன்றாக உலர்த்திவிட்டுத் திடீரென்று திறந்தால் தீப்பிடிக்கும். ஈரமாக, எத்தனாலுக்கு அடியிலேயே வைத்திருக்க வேண்டும். உலர்த்தியே ஆக வேண்டுமென்றால், நைட்ரஜனில் துளித்துளியாகக் காற்றைக் கலந்து, தோல் மெதுவாக வர விட வேண்டும்.

23. நிறமாலை, காரைக்குடி

பாம்பன் அண்ணன் சொன்ன கிரீஸ்தான் இந்தத் துறையில் ஒலியிக் அமிலம். துகள் பிறக்கும்போதே அதைச் சேர்த்தால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண்ணெய்ப் படலம் உட்காரும். 1963இல் நாசாவில் பேப்பெல் முதன்முதலில் காந்தத் திரவம் செய்தபோதும் அதையேதான் பயன்படுத்தினார்.

பாசிமகள், அடுத்த தொகுதிக்கு: வடிநீர், அதையும் கொதிக்க வைத்து நைட்ரஜன் ஊதிய பிறகு. கடைசியில் அசிட்டோனில் இரண்டு முறை கழுவுங்கள். வெற்றிட அடுப்பில் உலர்த்தி, குப்பியில் அடைத்து, இரண்டு நாளுக்குள் அளந்துவிடுங்கள். பழைய பொடியைத் தூக்கிப் போடாதீர்கள், டிஜிஏ (சூடாக்கிக்கொண்டே எடை மாறுவதைப் பார்க்கும் சோதனை) எடுங்கள். நைட்ரஜனில் எடுங்கள், காற்றில் எடுத்தால் நிக்கல் ஆக்சிஜனைப் பிடித்து எடை ஏறி, குறைந்ததை மறைத்துவிடும்.

24. பாசிமகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பழைய பொடியின் டிஜிஏ: 400 டிகிரிக்குள் 7 விழுக்காடு எடை போனது, ஈரமும் கிளைக்காலும். அக்கா சொன்ன 34ஐ 0.93ஆல் பெருக்கினால் 31.6. நான் அளந்தது 31. நோட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்னீசியம் மிகக் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது ஐயா.

கருவி அகலத்தைக் கழித்தால் 11.6 வருகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு, ஆனால் நடுநடுவே முப்பது, நாற்பது நானோமீட்டர் உருண்டைகளும், எல்லாம் சேர்ந்து திராட்சைக் கொத்து மாதிரி. கோயர்சிவிட்டிக்கு அதுதான் காரணம் என்று எழுதுகிறேன். சூப்பர்பாராமேக்னடிக் என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

புதுத் தொகுதி, நீங்கள் சொன்னபடியே. 41 இஎம்யு. கணக்கைத் திருப்பிப் போட்டால் தோல் 0.6 நானோமீட்டர் பக்கம் வருகிறது. அதே பொடியில் ஒரு பங்கை அடைத்தும், ஒரு பங்கைத் திறந்தும் வைத்து, வாரம் ஒருமுறை அளக்கலாம் என்று இருக்கிறேன். இதை ஒரு தனி அத்தியாயமாக எழுதச் சம்மதம் கிடைத்துவிட்டது.

25. விசைப்படகு, பாம்பன்

ஒரு குப்பியை என் பட்டறையிலும் வை தங்கச்சி. கடலுக்கு முப்பது அடி. இதைவிட மோசமான காற்று உனக்குக் கிடைக்காது.

26. தொண்டி வாத்தியார்

தம்பியின் நல்ல மனசு தெரிகிறது, ஆனால் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் நிக்கல் பொடி வேண்டாம். பட்டறைக் காற்றை ஆய்வகத்துக்குள்ளேயே கொண்டுவரலாம். டெசிகேட்டர் என்ற மூடிய கண்ணாடிக் கலத்தின் அடியில் உப்பைத் தண்ணீரில் கரையாமல் மிஞ்சும் வரை போட்டு வைத்தால், மேலே இருக்கும் காற்றின் ஈரம் 75 விழுக்காட்டிலேயே நிற்கும், கூடாது, குறையாது. மெக்னீசியம் குளோரைடு போட்டால் 33. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. வாலிநோக்கத்துக் கல்லுப்பு வேண்டாம், அதில் மெக்னீசியம் கலந்திருக்கும், எண் மாறிவிடும். ஆய்வக உப்பே போடு.

27. பாசிமகள்

இன்று மதியம் இரண்டு டெசிகேட்டரும் தயார் ஐயா. ஒன்றில் 75, ஒன்றில் 33, மூன்றாவது குப்பி நைட்ரஜனில் அடைத்தது. ஒவ்வொன்றிலும் 20 மில்லிகிராம். முதல் அளவீடு வரும் வியாழக்கிழமை. வந்ததும் எண்களை இங்கேயே போடுகிறேன். பாம்பன் அண்ணனுக்கு வளையத்தின் படத்தையும் சேர்த்துப் போடுகிறேன், மகனோடு பாருங்கள்.